ஏரியும் ஏலமும் – 19: மஸ்தான் உள்ளே, விலை எங்கே?

ரிசர்வ் வங்கி கவர்னர் எஸ்.ஜெகந்நாதன் வட்டி விகிதத்தை 7 சதவீதத்திலிருந்து ஒரே தாவலில் 9 சதவீதத்துக்கு ஏற்றிய 1974 ஜூலையில் போன வாரம் கதையை நிறுத்தியிருந்தேன். இந்த வாரம் சி.சுப்பிரமணியம் நிதியமைச்சராக உள்ளே வருவார், உச்சிக்குப் போன விலைவாசி திரும்பும், அந்தத் திருப்பத்துக்கு யார் யார் என்ன கொடுத்தார்கள் என்று பழவேற்காட்டுக் கரையில் நின்று கணக்குப் பார்ப்போம் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். எழுத உட்கார்ந்தால், ஜூலைக்கும் அக்டோபருக்கும் நடுவே செப்டம்பர் என்று ஒரு மாதம் கிடக்கிறது. அந்த மாதத்தில் வெள்ளை உடுப்பு, வெள்ளை ஷூ, வெள்ளை பென்ஸ் காரோடு ஒருவர் குறுக்கே வந்து நிற்கிறார். அவரைச் சுற்றிக்கொண்டு போக எனக்கு மனசில்லை.

வறட்சி, வங்கதேச அகதிகள், நாலு மடங்கான எண்ணெய் விலை, மே மாத ரயில் ஸ்டிரைக் எல்லாம் முன்பே வந்துவிட்டன. திரும்பச் சொல்லப் போவதில்லை. ஒரே ஒரு எண்ணை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 1974 செப்டம்பரில் மொத்த விலைக் குறியீடு முந்தைய ஆண்டு அதே மாதத்தைவிட சுமார் 33 சதவீதம் மேலே நின்றது. சுதந்திர இந்தியா அதுவரை பார்க்காத உயரம். அந்த மாதத்தில்தான் இந்திரா காந்தி அரசு ஹாஜி மஸ்தானைத் தூக்கி உள்ளே போட்டது.

பம்பாய் தாதா என்று வடக்கே சொல்வார்கள். ஆள் நம்மூர்க்காரர். ராமநாதபுரம் கடலோரத்தில் பனைக்குளம். கடல், தென்னை, வெளிநாட்டுக்குப் போனவர்களின் மணியார்டருக்குக் காத்திருக்கும் வீடுகள் என்று நம் கிழக்குக் கரையில் நூறு ஊர் உண்டே, அதில் ஒன்று. 1934 வாக்கில், எட்டு வயதில், அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு பம்பாய் போய்ச் சேர்ந்தார். கிராஃபோர்டு மார்க்கெட் பக்கம் சைக்கிள் பஞ்சர் ஒட்டும் கடை. பத்து வருஷம் ஒட்டிப் பார்த்தார்கள். அதில் வயிறுதான் ஒட்டியது. 1944-ல் மஸ்தான் துறைமுகத்தில் கூலியாகச் சேர்ந்தார்.

கப்பலிலிருந்து இறங்கும் பெட்டியைச் சுமப்பவனுக்குத்தான் பெட்டிக்குள் என்ன வருகிறது என்று தெரியும். ஏடனிலிருந்தும் துபாயிலிருந்தும் வருகிறவர்களிடம் வாட்ச் இருக்கும், டிரான்சிஸ்டர் இருக்கும், இடுப்பில் தங்கம் இருக்கும். சுங்க வரி கட்ட யாருக்கும் ஆசையில்லை. கூலியாள் ஒருவன் தலைப்பாகைக்குள்ளோ கோவணத்துக்குள்ளோ வைத்து வெளியே கொண்டுவந்து கொடுத்தால் இரண்டு பேருக்கும் லாபம். இந்தச் சில்லறை வேலை மொத்த வியாபாரமாக வளர்ந்தது, டாமனைச் சேர்ந்த சுக்குர் நாராயண் பாக்கியாவுடன் மஸ்தான் கூட்டுச் சேர்ந்த பிறகு. டாமன் 1961 டிசம்பர் வரை போர்ச்சுக்கீசியர் கையில் இருந்த ஊர் என்பதை மறந்துவிடக் கூடாது. இந்தியச் சட்டம் அந்த ஊர் எல்லையில் நின்றுவிடும், படகு நிற்காது.

அந்தக் காலத்து தங்கச் சட்டை ஒன்றைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். துபாயில் கித்தான் துணியில் தைப்பார்கள். முன்னும் பின்னுமாக வரிசை வரிசையாகச் சிறு பைகள். பைக்குள் பத்துத் தோலா தங்க பிஸ்கட். ஒரு பிஸ்கட் 116 கிராமுக்குச் சற்று மேல். ஒரு சட்டைக்கு 100 பிஸ்கட். ஆக 11 கிலோவுக்கு மேல் தங்கத்தை உடம்பில் மாட்டிக்கொண்டு ஒருவன் இருட்டில் படகிலிருந்து இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கரையேற வேண்டும். கால் தவறினால் தங்கமே ஆளை அமுக்கிவிடும். நம் கரையில் கட்டுமரம் தள்ளுகிறவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். அலை எந்த இடத்தில் இழுக்கும், எந்த இடத்தில் விடும் என்று அவர்கள் உடனே யோசிக்க ஆரம்பித்துவிடுவார்கள். கடத்தல் என்பது பாதி கடல் வித்தை.

இந்தச் சட்டையைத் தைத்தவன் துபாய்க்காரன். அதற்குத் தேவையை உண்டாக்கியவர் மொரார்ஜி தேசாய் என்பது என் கட்சி. 1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாடு கொண்டுவந்து, 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக் கூடாது என்றார். 22 காரட்டில் தாலி செய்து பழகிய ஊரில் 14 காரட்! பத்தர்மார் பட்டறையில் உலை அணைந்தது, குடும்பம் குடும்பமாகத் தெருவுக்கு வந்தார்கள். தங்கம் மட்டும் வருவது நிற்கவில்லை. துபாய் விலைக்கும் பம்பாய் விலைக்கும் நடுவே ஒரு பள்ளத்தாக்கை அரசாங்கமே வெட்டிக் கொடுத்தது. அந்தப் பள்ளத்தாக்கில் நின்று ஒருவன் பென்ஸ் கார் வாங்கினால் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? நேர்மையான மனிதர்கள் போடுகிற முட்டாள்தனமான சட்டம்தான் நாட்டுக்கு அதிகச் செலவு வைக்கும். மொரார்ஜியின் நேர்மையில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

மஸ்தான் துப்பாக்கி தூக்கியதில்லை, தன் கையால் யாரையும் கொன்றதில்லை என்று அவர் ஆட்கள் சொல்வார்கள். டோங்ரி, பெண்டி பஜார் பக்கம் கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் கொடுத்திருக்கிறார். நடிகர்களோடு படம் எடுத்துக்கொண்டார். சினிமாவுக்குப் பணம் போட்டார். சென்னையில் அந்தப் பொருளாதாரத்தின் சில்லறைக் கிளையைப் பார்க்க வேண்டுமானால் பாரிமுனையில் பர்மா பஜார் போதும். பர்மாவிலிருந்து துரத்தப்பட்டு வந்த தமிழர்களுக்காக 1969-ல் அமைத்த கடைகள். பொன்னேரியிலிருந்து பஸ் பிடித்து வந்தவன் அங்கே டெரிலின் சட்டைத் துணியும் ஜப்பான் டிரான்சிஸ்டரும் வாங்கிக்கொண்டு போவான். பில் கேட்கமாட்டான்.

இப்படிப்பட்டவரைப் பிடித்தால் துவரம்பருப்பு விலை எப்படி இறங்கும்? 1974-ல் டெல்லியில் இதற்கு ஒரு பதில் வைத்திருந்தார்கள். கறுப்புப் பணம்தான் பதுக்கலுக்குத் தீனி, பதுக்கல்தான் விலைவாசிக்குத் தீனி. ஓய்வுபெற்ற தலைமை நீதிபதி வாஞ்சூ தலைமையிலான குழு, 1968-69-ல் மட்டும் வரி கட்டாமல் மறைக்கப்பட்ட வருமானம் 1,400 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டிருந்தது. எனவே கடத்தல்காரன் கழுத்தைப் பிடித்தால் விலையின் கழுத்தும் கையில் வரும். நிதித்துறை இணையமைச்சர் கே.ஆர்.கணேஷ் இதை மனதார நம்பியவர். அந்தமானிலிருந்து வந்த எம்.பி. ஊர் ஊராகப் போய்க் கடத்தல்காரர்களுக்கு எதிராகப் பேசினார். விசாரணையில்லாமல் காவலில் வைக்கும் மிசா சட்டத்தைச் செப்டம்பரில் திருத்திக் கடத்தல்காரர்களையும் அதற்குள் கொண்டுவந்தார்கள். மஸ்தான், பாக்கியா, யூசுப் படேல் என்று பெரிய தலைகள் வரிசையாக உருண்டன. பத்திரிகைகள் கொண்டாடின. விலைவாசியால் நொந்துபோன ஜனம், பென்ஸ் கார்க்காரன் ஜீப்பில் ஏற்றப்படுவதைப் பார்த்து ஒரு வாரம் அரிசி விலையை மறந்திருந்தது.

மிசா என்றால் நமக்கு 1976 நினைவுக்கு வரும், சென்னை மத்திய சிறை நினைவுக்கு வரும். அந்தச் சட்டம் அதற்கு முன்பே ருசி கண்டுவிட்டது. மே மாதத்தில் ரயில்வே தொழிற்சங்கக்காரர்கள், செப்டம்பரில் கடத்தல்காரர்கள். உயர் நீதிமன்றங்கள் சிலரை விடுவிக்கத் தொடங்கியதும், நவம்பரில் குடியரசுத் தலைவர் பெயரில் ஓர் ஆணை வந்தது. இப்படிக் காவலில் வைக்கப்பட்டவர்கள் அடிப்படை உரிமை கேட்டு நீதிமன்றம் போக முடியாது என்றது அது. டிசம்பரில் கடத்தல்காரர்களைக் காவலில் வைக்கவென்றே காஃபிபோசா சட்டம் வந்தது. கடத்தல்காரனுக்குத்தானே என்று நாடு சும்மா இருந்தது. அந்த நவம்பர் ஆணைக்கு ஏழு மாதம் கழித்து, 1975 ஜூனில், அதே பூட்டு எல்லார் வாசலிலும் தொங்கியது. பணவீக்கத்தைக் குறைக்க ஆன செலவு என்று பொருளாதாரப் புத்தகங்கள் போடும் பட்டியலில் இது கிடையாது. நான் எழுதினால் முதல் வரியில் சேர்ப்பேன்.

சரி, விலை இறங்கியதா? இறங்கியது. செப்டம்பர் உச்சிக்குப் பிறகு குறியீடு சரியத் தொடங்கியது. 1974-75 ஆண்டின் சராசரி 25 சதவீத உயர்வு. 1975-76-ல் அந்த எண் பூஜ்யத்துக்கும் கீழே போய், சுமார் 1 சதவீதம் குறைந்தது. ஒரே வருஷத்தில் இப்படி விழுந்ததை உலகத்தில் பல நாடுகள் பொறாமையோடு பார்த்தன. அரசாங்க விளம்பரம் மஸ்தானைக் காட்டியது. பின்னால் எமர்ஜென்சியைக் காட்டியது. எமர்ஜென்சி வருவதற்கு ஒன்பது மாதம் முன்பே விலை திரும்பிவிட்டதே என்று கேட்க அப்போது யாருக்கும் வாய் திறக்க அனுமதி இல்லை.

இந்தச் சரிவுக்குக் காரணம் மழையும் அறுவடையும் என்று ஒரு கட்சி இன்றும் உண்டு. 1975-76-ல் உணவு தானியம் 12 கோடி டன்னைத் தாண்டியது உண்மை. ஆனால் 1974-75 விளைச்சல் மோசம். பத்துக் கோடி டன்கூடத் தேறவில்லை. தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை பொய்த்த வருஷம் அது. அரிசி குறைவாக விளைந்த குளிர்காலத்திலேயே விலை இறங்கத் தொடங்கியது என்றால், வானத்தைத் தவிர வேறு யாரோ கயிறு இழுத்திருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம்.

இழுத்தது ஜூலை. அந்த மாதத்து அவசரச் சட்டங்களில் கவர்ச்சி எதுவும் கிடையாது. வெள்ளை ஷூ போட்டவர் யாரும் கிடையாது. சம்பளம் ஏறினால் ஏறிய தொகை முழுவதும் கட்டாய வைப்பில் போகும். பஞ்சப்படி ஏறினால் ஏறியதில் பாதி போகும். 20 ரூபாய் கூடினால் கைக்கு 10. ஆண்டுக்கு 15,000 ரூபாய்க்கு மேல் வருமானம் உள்ளவர்கள் தனியாக ஒரு வைப்பு கட்ட வேண்டும். கம்பெனிகள் பங்குதாரருக்குக் கொடுக்கும் டிவிடெண்டுக்கு வரம்பு. பங்குச் சந்தை படுத்தது. இதற்கு மேல் ஜெகந்நாதனின் 9 சதவீதம், வங்கிகள் கடன் கொடுக்கும் கையைக் கட்டிப்போட்ட உத்தரவுகள், செலவுக் குறைப்பு. பணப்புழக்கத்தின் வளர்ச்சி ஒரே ஆண்டில் பாதிக்கும் கீழே வந்தது. விலையை இறக்கியவர் மாதச் சம்பளக்காரரும் கடன் கிடைக்காத சிறு முதலாளியும். போஸ்டரில் மஸ்தான் படம்.

பழவேற்காட்டுக்கும் பஞ்சப்படிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். அப்போது செங்கல்பட்டு மாவட்டத்தின் வடக்கு மூலையில் கிடந்த குப்பங்கள். அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவர் என்றால் வாத்தியார், தபால்காரர், கலங்கரை விளக்கத்து ஊழியர், அவ்வளவுதான். ஏரியிலிருந்து தெற்கே கடலோரமாக வாருங்கள். எண்ணூரில் அனல் மின் நிலையம், அசோக் லேலண்ட். திருவொற்றியூரில் என்ஃபீல்டு. மீன் தின்கிற சம்பளக்காரர்கள் அங்கேதான் இருந்தார்கள். அவர்கள் கையில் பாதிப் பஞ்சப்படி வராவிட்டால் மாதக் கடைசியில் கூடை திறக்கும்போது மடவைக்குப் பதில் நெத்திலி கேட்பார்கள், அல்லது நாளைக்கு வா என்பார்கள். மீனை நாளைக்கு வைத்திருக்க முடியாது. கூடைக்கார அம்மா கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டுத் திரும்புவாள். அடுத்த நாள் கரையில் ஏலம் கேட்கும்போது அவள் குரல் தாழ்ந்துதான் வரும். டெல்லியில் போட்ட கையெழுத்து ஏலக் கரைக்கு வருகிற வழி இது.

இன்னொரு வழி இறால். இந்தச் சங்கிலியை ஜப்பானிலிருந்து பிடித்தால்தான் சுவாரசியம். எண்ணெய் அதிர்ச்சியில் ஜப்பானிலும் விலைகள் பைத்தியம் பிடித்து ஓடின. 1973 நவம்பரில் ஒசாகா பக்கம் கழிப்பறைக் காகிதம் தீர்ந்துவிடும் என்று ஒரு வதந்தி கிளம்ப, பெண்கள் கடைகளை மொய்த்த கதை அங்கே இன்றும் பேசப்படுகிறது. டிசம்பரில் ஜப்பான் மத்திய வங்கியும் தன் வட்டியை 9 சதவீதத்துக்குக் கொண்டுபோனது. போருக்குப் பிறகு முதல்முறையாக 1974-ல் ஜப்பான் பொருளாதாரம் சுருங்கியது. இந்திய இறாலின் பெரிய வாடிக்கையாளர்களில் ஒருவர் ஜப்பான்காரர். அங்கே ஒரு ஒன்பது, இங்கே ஒரு ஒன்பது. நடுவில் நம் வெள்ளை இறால். வாங்குகிறவன் தட்டைச் சுருக்கிக்கொண்டான், வாங்கி அனுப்புகிற கம்பெனிக்கு வங்கி கடனைச் சுருக்கியது.

விடியற்காலையில் ஏரிக்கரையில் போய் நின்றால் அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியை இன்றும் பார்க்கலாம். படகு ஒதுங்கும். தொட்டியில் இறால் துள்ளிக்கொண்டிருக்கும். ஏலக்காரர் கத்தமாட்டார். பக்கத்தில் நிற்பவனுக்குக் கேட்கிற அளவுக்குத்தான் குரல். சில தொட்டிகள் ஏலத்துக்கே வராது. நேராக ஒருவரிடம் போய்விடும். அவர் சட்டைப் பையில் நீளமான நோட்டு ஒன்று, அதில் பெயர்கள், பெயருக்கு எதிரே தொகை. முன்பணம் கொடுத்தவர் அவர். வலை வாங்கவோ கல்யாணத்துக்கோ அவரிடம் வாங்கியவர், பிடித்ததை அவருக்கேதான் போட வேண்டும், அவர் சொல்கிற விலைக்கு. வட்டி என்று தனியாக ஒன்றும் எழுதமாட்டார். வட்டி இறால் விலைக்குள் இருக்கும். ரிசர்வ் வங்கி இரண்டு சதவீதம் ஏற்றினால், அது வங்கி, ராயபுரத்துக் கம்பெனி, ஏஜெண்டு என்று கைமாறி இந்த நோட்டுக்கு வருவதற்குள் எத்தனை சதவீதமாகும் என்பதை எந்த அறிக்கையும் பதிவு செய்ததில்லை. பருத்தி வலை போய் நைலான் வலை வந்திருந்த காலம். நைலானுக்குத் தாய் பெட்ரோலியம். வலை விலை ஏறும், முன்பணம் அதிகம் தேவைப்படும், மீன் விலை மட்டும் இறங்கும்.

பழவேற்காட்டுக்காரர்களுக்கு முகத்துவாரம் என்றால் விளக்க வேண்டியதில்லை. மணல் மேடிட்டு முகத்துவாரம் அடைத்துக்கொண்டால் கடல் அலை உள்ளே வராது, ஏரி பார்க்க அமைதியாக இருக்கும். கடலிலிருந்து வரவேண்டிய இறால் குஞ்சும் வராது. அது அன்றைக்குத் தெரியாது. பருவம் வந்து வலையைத் தூக்கும்போது தெரியும். கடனை நெரித்து விலையை அடக்குகிற வைத்தியமும் இந்த வகைதான்.

இந்த வைத்தியத்துக்கு ஒரு விலைப்பட்டியல் போட முயன்றவர் ஆர்தர் ஓகுன் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர். பணவீக்கத்தை 1 சதவீதம் நிரந்தரமாகக் குறைக்க, நாட்டின் ஓர் ஆண்டு உற்பத்தியில் சுமார் 10 சதவீதத்தை இழக்க வேண்டியிருக்கும் என்று 1978-ல் அவர் சொன்னார். அடுத்த வருஷமே பால் வோல்கர் அமெரிக்க மத்திய வங்கித் தலைவராக வந்தார். ஆறடி ஏழங்குலம், வாயில் மலிவுச் சுருட்டு. வட்டியை 20 சதவீதம் அளவுக்கு ஏற்றி நிறுத்தினார். விவசாயிகள் டிராக்டரோடு வாஷிங்டனுக்கு வந்து அவர் அலுவலகத்தைச் சூழ்ந்தார்கள். 1982 கடைசியில் வேலையில்லாதோர் 10.8 சதவீதம். ஓகுன் பயந்த அளவுக்கு இழப்பு போகவில்லை என்று பின்னால் கணக்குப் போட்டவர்கள் சொன்னார்கள். ஓகுன் 1980-லேயே போய்விட்டார். வேலை போனவர்களிடம் கணக்குப் போட்டவர்கள் கேட்டார்களா, தெரியவில்லை. வோல்கரைப் பெரிய வீரராகக் கொண்டாடும் கூட்டத்தில் நான் இல்லை, ஆனாலும் ஒன்றுக்கு அவரைப் பாராட்டுவேன். யாரையும் ஜீப்பில் ஏற்றி வேடிக்கை காட்டவில்லை. செய்வதை நானே செய்கிறேன் என்று நெஞ்சைக் காட்டிக்கொண்டு நின்றார்.

இந்தியாவுக்கு இந்தக் கணக்கைப் போட்ட பொருளாதாரக்காரர்கள் பலர். விடைகள் ஒன்றுக்குக் கீழேயும் நாலுக்கு மேலேயுமாகச் சிதறிக் கிடக்கின்றன. 1974-75-ல் நாட்டின் உற்பத்தி வளர்ச்சி சுமார் 1.2 சதவீதம். ஜனத்தொகை அதைவிட வேகமாக வளர்ந்தது. ஆகத் தலைக்கு வருமானம் குறைந்தது. அடுத்த ஆண்டு 9 சதவீதம் துள்ளியது. முந்தைய ஆண்டின் தேக்கத்தில் எவ்வளவு வறட்சியின் வேலை, எவ்வளவு ஜூலையின் வேலை, எவ்வளவு மின்வெட்டின் வேலை என்று பிரிப்பது கடினம். அந்தப் பிரிவினையில் ஆளுக்கொரு கட்சி இருக்கட்டும். எனக்கு உறுத்துவது வேறு. பழவேற்காட்டின் இழப்பு அந்த 1.2-க்குள் இருக்கிறதா?

ஆலை மூடினால் உற்பத்தி நின்றது என்று எழுதலாம். ஏரி மூடாது. மீன் விலை விழுந்தால் மீனவர் வீட்டில் உட்காரமாட்டார். இன்னும் ஒரு முறை வலை போடுவார். பிடிபடும் எடை குறையாது, கூடக்கூடும். எடையை எண்ணுகிற புள்ளிவிவரத்தில் எல்லாம் சுபம். இழப்பெல்லாம் அந்த நீள நோட்டில் பெயருக்கு எதிரே போய் உட்கார்ந்துகொள்ளும்.

பாடு முறையை எடுத்துக்கொள்ளுங்கள். கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிகுப்பம் மூன்றுக்கும் ஏரியில் சுத்துவலை போட உரிமையுள்ள இடங்கள் உண்டு. யார் எந்த நாள் எங்கே போடுவது என்று முறை வைத்துச் சீட்டுப் போட்டு எடுப்பார்கள். தலைக்கட்டு உள்ளவனுக்குத்தான் முறை. கல்யாணமான ஆண் ஊருக்கு வரி கட்டித் தலைக்கட்டு ஆவான். வெளியே வேலைக்குப் போனவனுக்கு அங்கே வேலை போனால், ஊருக்குத் திரும்பிப் பாட்டில் சேர்ந்துகொள்ளலாம். அரசாங்கம் தராத வேலையில்லாக் கால உதவியை இந்தக் குப்பங்கள் தங்களுக்குள் இப்படித்தான் வைத்திருக்கின்றன. ஆனால் தலைக்கட்டு கூடக்கூட ஒவ்வொருவருக்கும் முறை வருகிற நாள் தள்ளிப்போகும். ஏரி அதேதான், இறால் அதேதான், காத்திருப்பு மட்டும் நீளும். டெல்லியின் கணக்கில் இவர்கள் எல்லாரும் வேலையில் இருப்பவர்கள்.

சம்பளக்காரர் கதை இதற்கு மாறாக முடிந்தது. கட்டாய வைப்பில் போன பணத்துக்கு ரசீது இருந்தது, வட்டி இருந்தது. பிறகு தவணை தவணையாகத் திருப்பிக் கொடுத்தார்கள். நடுவில் விலைவாசி இறங்கியதால் அந்தப் பணம் பெரிதாக உருகவும் இல்லை. சங்கங்கள் இருந்தன, கூட்டம் போட்டன, கேட்டு வாங்கின. குறைவாக விற்ற மடவைக்கு யாரும் ரசீது கொடுக்கவில்லை.

இதையெல்லாம் பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. கடலுக்கு அந்தப் பக்கம் 2022 ஏப்ரலில், இலங்கை மத்திய வங்கியின் கவர்னரான நந்தலால் வீரசிங்க வந்த கையோடு வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளி ஏற்றினார். செப்டம்பரில் கொழும்பு விலைவாசி உயர்வு ஏறக்குறைய 70 சதவீதத்தைத் தொட்டது, அடுத்த செப்டம்பரில் 2 சதவீதத்துக்கும் கீழே வந்தது. உலகம் கைதட்டியது. அந்த 2022-ல் மட்டும் நாட்டின் உற்பத்தி 7 சதவீதத்துக்கு மேல் சுருங்கியது. மானியத்தை வெட்டியதில் மண்ணெண்ணெய் லிட்டர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஒரே இரவில் ஏறியது. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் வெளி எஞ்சின் பூட்டிய சின்னப் படகுகள் ஓடுவது மண்ணெண்ணெயில். படகைக் கரையில் ஏற்றிவைத்த தமிழ் மீனவர்களுக்கு எந்த மஸ்தானையும் காட்டி யாரும் ஆறுதல் சொல்லவில்லை. அங்கே ஜனங்கள் அதற்கு முன்பே ஜனாதிபதியையே துரத்திவிட்டிருந்தார்கள்.

மஸ்தானை விட்ட இடத்துக்கு வருகிறேன். பெரிய தலைகள் உள்ளே போன பிறகு தங்கம் வருவது கொஞ்ச காலம் தடைப்பட்டது. ஹவாலா வழியாக வந்துகொண்டிருந்த வெளிநாட்டுப் பணத்தில் ஒரு பகுதி வங்கி வழிக்குத் திரும்பியது. அன்னியச் செலாவணிக்கு அது நல்லதுதான், அந்தப் புண்ணியத்தை நான் மறுக்கவில்லை. பருப்பு விலைக்கு அதனால் ஒரு பைசா பிரயோஜனம் இல்லை. பிரசாரத்தை முன்னின்று நடத்திய கணேஷை அக்டோபர் மந்திரிசபை மாற்றத்தில் நிதித்துறையிலிருந்து வேறு துறைக்கு மாற்றினார்கள். கடத்தல்காரர்களைப் பிடித்தவரே முதலில் வெளியே போனார் என்று அப்போது பம்பாயில் கிண்டல் செய்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். 1975 தொடக்கத்தில் ‘தீவார்’ வந்தது. துறைமுகக் கூலி கடத்தல் ராஜாவாக வளரும் கதை, அமிதாப் பச்சன். மஸ்தானைப் பார்த்துத்தான் அந்தப் பாத்திரம் பிறந்தது என்று நாடே பேசியது. அவர் சிறையில் இருக்கையிலேயே ஜனம் அவருக்காகக் கைதட்டியது. தமிழில் 1981-ல் ரஜினிகாந்த் நடிக்க ‘தீ’ என்று வந்ததும் அந்தக் கதைதான். மஸ்தான் வெளியே வந்தார், கடத்தலை விட்டுவிட்டேன் என்றார், கட்சி ஆரம்பித்தார், வெள்ளை உடுப்பை மட்டும் விடவில்லை. 1994-ல் காலமானார். கட்டாய வைப்புச் சட்டத்தைப் பற்றி இதுவரை யாரும் படம் எடுக்கவில்லை. எடுத்தால் ஓடாது.

சி.சுப்பிரமணியம் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து கிளம்பி, உணவு மந்திரியாகக் கோதுமையை ஜெயித்து, 1974 அக்டோபரில் நிதியமைச்சர் நாற்காலிக்கு வந்து உட்கார்ந்துவிட்டார். ஒய்.பி.சவான் வெளியுறவுக்குப் போய்விட்டார். மேஜையில் ஜூலையின் கோப்புகள் அப்படியே கிடக்கின்றன. எதையும் தளர்த்தாதே என்று ஒரு கூட்டமும், தொழில் செத்துக்கொண்டிருக்கிறது, கடனைத் திறந்துவிடு என்று இன்னொரு கூட்டமும் வாசலில் நிற்கின்றன. அவருக்கென்று இந்த வாரம் வைத்திருந்த பக்கங்களை மஸ்தான் எடுத்துக்கொண்டார். 1975 பிப்ரவரி பட்ஜெட்டோடு அவரை அடுத்த வாரம் அழைத்து வருகிறேன். ஆசிரியர் இப்போதே போன் செய்துவிட்டார், பென்ஸ் கார் ஏதும் குறுக்கே வராதே என்று கேட்டுக்கொண்டு.

(தொடரும்)